ஃபார்மில் ‘இல்லை’ என்று டிக் அடித்துவிட்டேன், இப்போது என்ன செய்வது?

திருப்பூர் மாவட்டத்திலிருந்து ஓர் இளைஞர் எழுதியிருக்கிறார். வயது 28, ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை, இன்னும் மூன்றரை மாதத்தில் கல்யாணம். கல்லூரிக் காலத்திலிருந்தே கேம்ப்களில் ரத்தம் கொடுத்துப் பழகியவர். அதனால் சொந்தத்தில் யாருக்கு ஆபரேஷன் என்றாலும் முதல் போன் இவருக்குத்தான் வரும். சமீபத்தில் அத்தைக்குக் கர்ப்பப்பை அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. ‘இரண்டு யூனிட் ரத்தத்துக்கு ஆள் கூட்டிக்கொண்டு வாருங்கள்’ என்று தனியார் மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். மாமா இவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு ரத்த வங்கிக்குப் போயிருக்கிறார்.

அதற்குப் 16 நாள் முன்புதான் இவர் நண்பர்களோடு கோவா போய்வந்திருந்தார். அங்கே அறிமுகமில்லாத ஒருவருடன் ஓர் இரவு, ஆணுறை இல்லாமல். அதே பயணத்தில், கடற்கரையோரக் கடை ஒன்றில் தோளில் டாட்டூ. ரத்த வங்கி ஃபார்மில் இரண்டைப் பற்றியும் கேள்வி இருந்தது. மாமா முதுகுக்குப் பின்னால் நின்று ‘சட்டுனு போடுப்பா’ என்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று டிக் அடித்துக் கையெழுத்தும் போட்டுவிட்டார். கடிதம் எழுதும்போது அது நடந்து 11 நாள் ஆகியிருந்தது.

அவர் கேட்பவை இவை. எல்லா ரத்தத்தையும் டெஸ்ட் செய்துதானே ஏற்றுகிறார்கள்? இதுவரை போன் வரவில்லை என்றால் எனக்கு ஒன்றுமில்லை என்றுதானே அர்த்தம்? அத்தைக்கு லேசாகக் காய்ச்சல் வந்தது, அது என்னாலா? இப்போது போய்ச் சொன்னால் போலீஸ் கேஸ் ஆகுமா, பெண் வீட்டுக்குத் தெரிந்துவிடுமா? ஏற்கெனவே யாருக்காவது ஏற்றியிருந்தால் இனிச் சொல்லி என்ன பயன்? மறுபடி என்னால் ரத்தம் கொடுக்க முடியுமா? ராத்திரி தூக்கமே வருவதில்லை என்றும் எழுதியிருக்கிறார்.

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே, அவசரமான பகுதியை மட்டும் தனியாக மின்னஞ்சலில் அனுப்பிவிட்டேன். அதையும் சேர்த்து முழுப் பதிலையும் இங்கே எழுதுகிறேன். இதே நிலையில் வாயைத் திறக்காமல் இருக்கிறவர்கள் இன்னும் பலர் இருப்பார்கள். ரத்த வங்கி மருத்துவராக எனக்கு அது நன்றாகத் தெரியும்.

முதலில் ஒரு போன்

ரத்தம் கொடுத்த இடத்துக்கு இன்றைக்கே போன் செய்யுங்கள். ரத்த வங்கியின் மருத்துவ அதிகாரியிடம் மட்டும் பேச வேண்டும் என்று சொல்லுங்கள். டொனர் கார்டிலோ அவர்கள் கொடுத்த சான்றிதழிலோ எண் இருக்கும். அது இல்லாவிட்டாலும் தேதியும் பெயரும் போதும். ‘நான் இந்தத் தேதியில் ரத்தம் கொடுத்தேன். ஃபார்மில் சில கேள்விகளுக்குச் சரியான பதில் எழுதவில்லை. என் ரத்தத்தைப் பயன்படுத்த வேண்டாம்.’ இவ்வளவு சொன்னாலே அவர்கள் வேலையைத் தொடங்கிவிடலாம். காரணத்தையும் சொன்னால் என்ன டெஸ்ட் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்ய உதவும். ஆனால் காரணத்தைச் சொல்லத் தயங்கிக்கொண்டு போனையே தள்ளிப்போடாதீர்கள்.

11 நாள் கழிந்தபின் இதனால் என்ன பயன் என்று நினைக்க வேண்டாம். நீங்கள் கொடுத்த ரத்தம் பெரும்பாலும் அப்படியே ஒரே பையாக இருக்காது, மூன்றாகப் பிரித்திருப்பார்கள். தட்டணுக்கள் ஐந்து நாள்தான் தாங்கும். அது யாருக்காவது போயிருக்கும், அல்லது காலாவதியாகிக் கழிக்கப்பட்டிருக்கும். சிவப்பணுக்கள் குளிர்பெட்டியில் 42 நாள் வரை இருக்கும். பிளாஸ்மா உறைநிலையில் ஒரு வருடம் வரை இருக்கும். ஆகவே இன்னும் இரண்டு பைகள் அங்கேயே இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. உங்கள் போன் வந்ததும் அவற்றைத் தனியாக எடுத்து வைத்துவிடுவார்கள்.

நீங்கள் ஒருவருக்குக் கொடுத்ததாக நினைக்கிறீர்கள். உண்மையில் அது மூன்று பேருக்குப் போகலாம். டெங்கு காய்ச்சலில் தட்டணு குறைந்த ஒரு குழந்தை, பிரசவத்தில் ரத்தம் போன ஒரு தாய், தீக்காயத்தோடு படுத்திருக்கும் ஒருவர் என்று மூன்று தனித்தனிக் கட்டில்கள்.

டெஸ்ட் எதைப் பிடிக்கும், எதை விடும்

‘டெஸ்ட் செய்துதானே ஏற்றுகிறார்கள்’ என்பது பாதி உண்மை. இந்தியாவில் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஐந்து பரிசோதனைகள் கட்டாயம்: எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ், மலேரியா. உரிமம் பெற்ற எந்த ரத்த வங்கியும் இவற்றைச் செய்யாமல் பையை வெளியே விடக் கூடாது.

ஆனால் கிருமி உடம்பில் நுழைந்த மறுநாளே டெஸ்டில் தெரிந்துவிடாது. அது பெருகி, கருவி கண்டுபிடிக்கும் அளவுக்கு வர நாளாகும். இந்த இடைவெளியைத்தான் ‘விண்டோ பீரியட்’ என்கிறோம். எச்.ஐ.வி.க்கு நல்ல, புதிய வகை எலைசா பரிசோதனையிலேயே இரண்டு மூன்று வாரம் ஆகலாம். ஹெபடைடிஸ் பி தெரிய ஐந்தாறு வாரம் ஆகும். ஹெபடைடிஸ் சி-க்கு எதிர்ப்புப் பொருளைத் தேடும் பரிசோதனையில் இரண்டு மாதம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். வைரஸின் மரபணுவையே தேடும் ‘நாட்’ என்ற பரிசோதனை இந்த இடைவெளியை வெகுவாகக் குறைக்கிறது. அதுவும் பூஜ்யமாக்குவதில்லை. செலவு அதிகம் என்பதால் நம் நாட்டில் அது கட்டாயமாக்கப்படவும் இல்லை, சில மையங்களில் மட்டுமே இருக்கிறது.

இப்போது உங்கள் கணக்கைப் பாருங்கள். கோவாவுக்கும் ரத்த வங்கிக்கும் நடுவே 16 நாள். ஒருவேளை உங்களுக்குத் தொற்று ஏற்பட்டிருந்தால், அன்று எடுத்த மாதிரியில் ஒன்றுமே தெரியாமல் போக முழு வாய்ப்பு உண்டு. அந்தப் 16 நாளைப் பற்றிச் சொல்லக்கூடிய கருவி அந்த அறையில் ஒன்றுதான் இருந்தது. அது நீங்கள் நிரப்பிய ஃபார்ம். கருவியால் பார்க்க முடியாத நாட்களை உங்களைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அதற்காகத்தான் அத்தனை கேள்விகள். உங்கள் ஒழுக்கத்துக்கு மார்க் போட யாரும் அதைத் தயாரிக்கவில்லை.

டாட்டூவை நீங்கள் போகிற போக்கில் ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்கள். நான் அதையும் அதே அளவு முக்கியமாகப் பார்க்கிறேன். ஊசியையும் மையையும் பலருக்குப் பொதுவாகப் பயன்படுத்தும் இடங்களில் ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் பரவலாம். ஹெபடைடிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியே, காய்ந்த ரத்தத்தில்கூட, ஏழு நாள் உயிரோடு இருக்கக்கூடியது. தேசிய ரத்தமேற்றல் கவுன்சில் 2017-இல் வெளியிட்ட விதிகளின்படி டாட்டூ போட்டாலோ, காது மூக்கு குத்தினாலோ 12 மாதம் ரத்தம் கொடுக்கக் கூடாது. திருவிழாக் கடையில் பச்சை குத்திக்கொண்டாலும் இதேதான்.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மறைப்பதில் ஆபத்தானது உடலுறவு பற்றிய பதில் மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். முகப்பருவுக்குச் சாப்பிடும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். அது ரத்தத்தில் இருக்கும்போது அந்த யூனிட் ஒரு கர்ப்பிணிக்குப் போனால் சிசுவுக்குக் கேடு. அதனால்தான் மருந்தை நிறுத்திய பிறகும் காத்திருக்கச் சொல்கிறோம். முகப்பரு மாத்திரையை ஒரு நோயாகவே யாரும் நினைப்பதில்லை, ஃபார்மிலும் எழுதுவதில்லை. மலேரியா, டைஃபாய்டு, நாய்க்கடி ஊசி, முந்தின இரவு குடித்தது, மூன்று மாதம் ஆவதற்குள் இன்னொரு கேம்பில் கொடுத்தது என்று ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் ஒரு நோயாளியையோ கொடுப்பவரையோ காப்பாற்றும் காரணம் இருக்கிறது.

அத்தையின் காய்ச்சல்

இப்படி நோயாளியின் வீட்டாரை ஆள் கூட்டிவரச் சொல்லி ‘மாற்று ரத்தம்’ என்று வாங்கப்படுவது பெரும்பாலும் அதே நோயாளிக்கு ஏற்றப்படுவதில்லை. அறுவை சிகிச்சைக்கு முன்பே, பொருத்தம் பார்த்துத் தயாராக இருந்த பைகளிலிருந்து அத்தைக்குக் கொடுத்திருப்பார்கள். நீங்கள் கொடுத்தது, குறைந்த இருப்பை நிரப்பப் பொதுக் கையிருப்பில் சேர்ந்திருக்கும். அவருக்கு ரத்தம் தேவைப்படாமலேயே ஆபரேஷன் முடிந்திருக்கவும் கூடும். அறுவை சிகிச்சைக்குப் பின் லேசான காய்ச்சலுக்குச் சாதாரணமான காரணங்கள் நிறைய உண்டு. காய்ச்சல் தொடர்ந்தால் அவரது மருத்துவரிடம் காட்டட்டும். அதை உங்கள் ரத்தத்தோடு முடிச்சுப் போட்டு அத்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள்.

‘அப்பாடா, அத்தைக்கு இல்லை’ என்று நிம்மதியாக இருக்கும்தான், எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பை போன இடத்திலும் யாரோ ஒருவருடைய அத்தைதான் படுத்திருக்கிறார். அதனால் போன் செய்யும் அவசரம் கொஞ்சமும் குறையவில்லை.

போன் வரவில்லை என்றால்

‘போன் வரவில்லை, அதனால் ஒன்றுமில்லை’ என்பதை அடியோடு விட்டுவிடுங்கள். விண்டோ பீரியடில் எடுத்த மாதிரி ‘நெகட்டிவ்’ என்றுதான் வரும், போன் வராது. அதுபோக, பாசிட்டிவ் வந்தாலும் போன் வந்தே தீரும் என்று நம்பியிருக்க முடியாது. அதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு பெரிய துயரம் சாட்சியாக இருக்கிறது.

2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டம் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு ரத்தசோகைக்காக ரத்தம் ஏற்றினார்கள். சிவகாசி அரசு மருத்துவமனை ரத்த வங்கியிலிருந்து வந்த அந்த யூனிட்டில் எச்.ஐ.வி. இருந்தது. கொடுத்தவர் 19 வயது இளைஞர், உறவினர் ஒருவருக்காகக் கொடுத்திருந்தார். 2016-இல் அவர் ஏற்கெனவே ஒருமுறை ரத்தம் கொடுத்தபோதே தொற்று தெரிந்திருக்கிறது, ஆனால் அந்தத் தகவல் அவரிடம் போய்ச் சேரவில்லை. வெளிநாட்டு வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில்தான் அவருக்கே விஷயம் தெரிந்தது. தெரிந்த உடனே ரத்த வங்கிக்குத் தகவல் சொன்னவர் அவரேதான். அதற்குள் ரத்தம் ஏற்றப்பட்டுவிட்டது.

அந்த இளைஞர் தெரிந்தே பொய் சொன்னவர் அல்ல. அவரை ஏமாற்றியது ஒரு பரிசோதனை முறையும் ஒரு பதிவேடும். அவர் செய்த காரியம் மிகவும் நேர்மையானது, அதன் பலனும் வீண்போகவில்லை. அந்தத் தாய்க்குத் தொற்று இருப்பது பிரசவத்துக்கு முன்பே தெரிந்ததால் கூட்டு மருந்து சிகிச்சையைத் தொடங்க முடிந்தது. பிறந்த பெண் குழந்தைக்குத் தொற்று இல்லை. ‘ஏற்றிய பிறகு சொல்லி என்ன பயன்’ என்ற உங்கள் கேள்விக்கு அந்தக் குழந்தையை விடப் பெரிய பதில் என்னிடம் இல்லை. யாருக்கு ஏற்றப்பட்டது என்று தெரிந்தால் அவரைப் பரிசோதிக்கலாம், தேவையானால் தடுப்பு மருந்து கொடுக்கலாம், சிகிச்சையைச் சீக்கிரம் தொடங்கலாம், அவர் வீட்டில் இன்னொருவருக்குப் பரவாமல் காக்கலாம்.

அந்த இளைஞர் மன வேதனை தாங்காமல் அதே மாதக் கடைசியில் உயிரை மாய்த்துக்கொண்டார். இதை எழுதாமல் தவிர்த்திருக்கலாம். தூக்கமில்லாமல் தவிக்கும் உங்களுக்கு எழுத வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ‘இது உன் தப்பில்லை, இதற்கு மருந்து இருக்கிறது’ என்று சொல்ல ஆள் இருந்திருக்க வேண்டும். உங்களுக்கு அப்படி ஓர் எண்ணம் ஒரு நொடி வந்தாலும் 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணுக்கோ 104-க்கோ கூப்பிடுங்கள். எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம்.

போலீஸும் பெண் வீடும்

நான் மருத்துவர், வழக்கறிஞர் இல்லை. எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன். உயிருக்கு ஆபத்தான நோயைப் பரப்பக்கூடிய செயலை, அது பரப்பும் என்று தெரிந்தோ நம்பக் காரணம் இருந்தோ அலட்சியமாகச் செய்வது பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 271-ஆம் பிரிவின்படி குற்றம். கெட்ட எண்ணத்தோடு செய்தால் 272-ஆம் பிரிவு. எனவே பொய்யான பதிலில் கையெழுத்துப் போட்டது ஒன்றுமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். உங்களுக்குத் தொற்று இருப்பதாக இதுவரை எந்த ஆதாரமும் இல்லை. நான் வேலை பார்த்த இடங்களில், தானாகவே போன் செய்து ‘என் ரத்தத்தைப் பயன்படுத்தாதீர்கள்’ என்று சொன்ன ஒருவரைக்கூடப் போலீசுக்கு அனுப்பியதில்லை, நன்றிதான் சொல்லியிருக்கிறோம். விஷயம் புரிந்த பிறகும் சும்மா இருப்பதுதான் சட்டப்படியும் மனசாட்சிப்படியும் உங்கள் நிலையைப் பலவீனமாக்கும். சொல்வது அதை வலுவாக்கும்.

பெண் வீட்டைப் பற்றி. 2018 செப்டம்பர் முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்புச் சட்டத்தின்படி ஒருவருடைய தொற்று நிலையை அவருடைய ஒப்புதல் இல்லாமல் வெளியே சொல்வது தவறு. ரத்த வங்கி உங்கள் மாமாவுக்குப் போன் செய்யாது. நீங்கள் ஃபார்மில் எழுதிய கைபேசி எண் உங்களுடையதுதானா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் மாமாவின் எண்ணை எழுதியிருந்தால் அதையும் இந்தப் போனிலேயே மாற்றச் சொல்லுங்கள்.

உங்கள் உடம்பு

சேர்ந்து பழகிய ஓர் இரவால் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு, எதிரில் இருப்பவருக்குத் தொற்று இருந்தாலுமே, பொதுவாக நூற்றில் இரண்டுக்கும் குறைவு. அவருக்குத் தொற்று இருந்ததா என்பதே தெரியாது. ஆகவே பெரும்பாலும் உங்களுக்கு ஒன்றும் இருக்காது. ‘பின்னே எதற்கு இவ்வளவு கலவரம்’ என்று கேட்கலாம். தொற்றுள்ள ரத்தம் ஒரு பை ஏற்றப்பட்டால் தொற்றும் வாய்ப்பு நூற்றில் தொண்ணூறுக்கும் மேல். அந்த ஆபத்தை ஏற்றுக்கொள்ளலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் இடத்தில் நீங்கள் இருந்தீர்கள். கட்டிலில் படுத்திருப்பவரை யாரும் கேட்கவே இல்லை. தலசீமியா உள்ள குழந்தைகளுக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஆயுள் முழுக்க ரத்தம் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் முகம் தெரியாத ஒருவர் ஃபார்மில் உண்மையை எழுதியிருப்பார் என்று நம்பித்தான் அவர்கள் கையை நீட்டுகிறார்கள்.

தொற்று வாய்ப்பு ஏற்பட்ட 72 மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டிய தடுப்பு மருந்துக்கு இப்போது காலம் கடந்துவிட்டது. இனிச் செய்ய வேண்டியவை:

அரசு மருத்துவமனைகளில் இருக்கும் நம்பிக்கை மையத்துக்குப் போங்கள். எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், ரகசியம், முன்னும் பின்னும் ஆலோசகர் பேசுவார். இப்போது ஒரு முறை, கோவா போன தேதியிலிருந்து மூன்று மாதம் முடிந்ததும் ஒரு முறை பாருங்கள். இப்போது வரும் ‘நெகட்டிவ்’ நல்ல அறிகுறி, முடிவான பதில் மூன்றாம் மாதம்தான். சந்தேகங்களுக்கு 1097 இலவச எண் இருக்கிறது.

ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ் மூன்றையும் அதேபோல் இரண்டு தடவை பாருங்கள். ஹெபடைடிஸ் பி இல்லை என்று தெரிந்தால், ஏற்கெனவே போடாதிருந்தால், தடுப்பூசியை உடனே தொடங்கிவிடுங்கள். மூன்று தவணை, ஆறு மாதத்தில் முடியும்.

அதுவரை ஆணுறை இல்லாத உறவு வேண்டாம். ரேசரையும் டூத் பிரஷையும் யாரோடும் பகிர வேண்டாம்.

ஒரு பரிசோதனை செய்துகொள்ளும் வழியாக ரத்த தானத்தை யாரும் பயன்படுத்தக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்கிறேன். நீங்கள் அப்படிச் செய்யவில்லை. ஆனால் ‘கேம்பில் கொடுத்தால் ஃப்ரீயாக டெஸ்ட் பார்த்துவிடலாம்’ என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். தன்னைப் பற்றிச் சந்தேகம் இருக்கும் நாளில்தான் அவர்கள் வருகிறார்கள் என்பதால் அது மிகவும் ஆபத்தானது.

நல்லவேளையாக மூன்றாம் மாத முடிவு கல்யாணத்துக்கு முன்பே வந்துவிடும். வரப்போகும் மனைவியிடம் இந்தப் பயணத்தைப் பற்றிச் சொல்வதா என்பது நீங்கள் முடிவு செய்ய வேண்டியது, மருத்துவராக அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் ஏதாவது ஒரு பரிசோதனை பாசிட்டிவ் என்று வந்தால், அப்போது சொல்வது உங்கள் விருப்பத்துக்கு விட்ட விஷயமாக இருக்காது. தாலி கட்டும் முன் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நம்பிக்கை மைய ஆலோசகர் அதை எப்படிச் சொல்வது என்பதற்கும் உதவுவார்.

மாமா ஏன் அங்கே நின்றார்

குற்றம் முழுவதையும் உங்கள் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அதில் ஒரு பெரிய பங்கு எங்கள் தரப்பினுடையது. அந்தரங்கமான கேள்விகளைச் சொந்தக்காரர் நிற்கும் இடத்தில் ஒருவரிடம் கேட்கவே கூடாது. ஃபார்ம் நிரப்பவும் மருத்துவரோடு பேசவும் தனி இடம் வேண்டும். அந்த ரத்த வங்கியில் ஒருவர் ‘ஐயா, நீங்க கொஞ்சம் வெளியே உட்காருங்க’ என்று சொல்லியிருந்தால் நீங்கள் உண்மையை எழுதியிருப்பீர்கள் என்றே நினைக்கிறேன்.

இதற்கு ஒரு பழைய கதை உண்டு. ஒரு காலத்தில் நம் நாட்டில் காசுக்கு ரத்தம் விற்பவர்களை நம்பித்தான் பல மருத்துவமனைகள் ஓடின. காசு தேவைப்பட்டவர் மஞ்சள்காமாலை வந்ததைச் சொல்வாரா? 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ‘காமன் காஸ்’ வழக்கில் கொடுத்த தீர்ப்பால் 1998 ஜனவரி 1 முதல் அந்த வியாபாரம் தடை செய்யப்பட்டது. மறைப்பதற்கு ஒரு காரணம் இருப்பவரிடம் ரத்தம் வாங்காதே என்பதுதான் அதன் உட்பொருள். ‘ஆள் கூட்டிக்கொண்டு வா’ என்று நோயாளியின் குடும்பத்தை நெருக்கும்போது அதே ஆபத்து வேறு வாசல் வழியாக உள்ளே வருகிறது. காசு இருந்த இடத்தில் இப்போது மாமாவின் முகம் இருக்கிறது, அத்தையின் ஆபரேஷன் தேதி இருக்கிறது. யாருடைய கட்டாயமும் இல்லாமல் தானாக, திரும்பத் திரும்ப வந்து கொடுப்பவரின் ரத்தம்தான் மிகப் பாதுகாப்பானது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் இதனால்தான். தேசியக் கொள்கையும் மாற்று ரத்த முறையைப் படிப்படியாகக் கைவிட வேண்டும் என்கிறது. இன்னும் பல மருத்துவமனைகளில் அது கைவிடப்படவில்லை என்பதற்கு உங்கள் கடிதமே ஆதாரம்.

இனி ஒருவேளை இப்படி மாட்டிக்கொண்டால், ஃபார்மைக் கையில் வாங்கிக்கொண்டு ‘டாக்டரிடம் தனியாகப் பேச வேண்டும்’ என்று கேளுங்கள். உள்ளே வந்து ‘இன்று என்னிடம் எடுக்காதீர்கள்’ என்றால் போதும். வெளியே நிற்பவர்களிடம் ‘இன்றைக்கு இவரிடம் எடுக்க முடியாது’ என்று நாங்களே சொல்லிவிடுவோம். காரணம் சொல்ல மாட்டோம். தினமும் எத்தனையோ பேரை ஹீமோகுளோபின் 12.5-க்குக் கீழே என்றும், பிரஷர் அதிகம் என்றும் திருப்பி அனுப்புகிறோம். மாமா எதையும் கண்டுபிடிக்க மாட்டார்.

கோவாவில் சந்தித்தவர் ஆணா பெண்ணா என்று நீங்கள் எழுதவில்லை, நான் கேட்கவும் இல்லை. மேலே சொன்னதில் எதுவும் அதனால் மாறாது. ஆனால் 2017 விதிகள் ஓரினச்சேர்க்கை ஆண்களையும் திருநர்களையும் மொத்தமாக, நிரந்தரமாக விலக்குகின்றன. மணிப்பூரைச் சேர்ந்த ஒரு திருநர் செயல்பாட்டாளர் 2021-இல் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். பிரிட்டன் 2021-லும் அமெரிக்கா 2023-லும், ஒருவர் யார் என்பதைவிட்டு, சமீபத்தில் என்ன நடந்தது என்பதை எல்லோரிடமும் ஒரே மாதிரி கேட்கும் முறைக்கு மாறிவிட்டன. நாமும் மாற வேண்டும் என்பது என் கருத்து. உங்கள் விஷயத்தில் ரத்த வங்கிக்குத் தெரிய வேண்டியிருந்தது அந்தப் 16 நாள்தான். ஓர் அடையாளத்தையே குற்றம்போலக் கேட்டால் மனிதர்கள் மறைக்கத்தான் செய்வார்கள். இருந்தாலும் விதி நியாயமில்லை என்பதற்காக ஃபார்மில் பொய் எழுதினால், அதன் விலையை அந்த விதியை எழுதியவர்கள் தரப்போவதில்லை, கட்டிலில் இருப்பவர்தான் தருவார்.

கடைசியாக, மறுபடி கொடுக்க முடியுமா என்ற கேள்வி. டாட்டூ ஒன்றுக்காகவே 12 மாதம் காத்திருக்க வேண்டும். மற்றதை உங்கள் பரிசோதனை முடிவுகளைப் பார்த்து, எல்லாவற்றையும் கேட்டு, ரத்த வங்கி மருத்துவர் முடிவு செய்வார். அதுவரை வரும் கேம்ப் அழைப்புகளுக்கு ‘இந்த வருஷம் முடியாது’ என்று மட்டும் சொல்லுங்கள். ரத்த வங்கிக்குப் போன் செய்யும்போது அவர்கள் சரியாகப் பதில் சொல்லவில்லை என்றாலோ, மருத்துவ அதிகாரியிடம் இணைக்கவில்லை என்றாலோ, உடனே அதே மின்னஞ்சலில் எனக்கு எழுதுங்கள், நான் அவர்களோடு பேசுகிறேன்.